கூட்டிசையும் பெயர்களின் அரசியலும்: 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குறித்துச் சில குறிப்புகள்

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. காஞ்சிபுரத்தில் மத்தியானம் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, பொழுது சாய்கிற நேரத்துக்குக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மார்கழி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. நகரத்தின் தென்பக்கத்துச் சபாக்களில் கச்சேரி சீசன் ஓய்ந்துகொண்டிருந்தது. இங்கே மைதானத்தில் பத்தொன்பது பேர் கோட்டு சூட்டு அணிந்து மேடையேறினார்கள். பறை, சட்டி, கட்டமொளம், தவில் ஒரு பக்கம். கிட்டார், பாஸ், டிரம்ஸ் இன்னொரு பக்கம். முன்வரிசையில் கானாப் பாடகர்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள், அம்பேத்கரைப் பற்றிப் பாடினார்கள். கூட்டம் ஆடியது. நானும் ஆடினேன் என்று எழுதலாம்தான். உண்மையில் நான் ஓரமாக நின்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறென்ன வரும்?

அது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து முன்னெடுத்த முயற்சி. ஆள் தேர்ந்து, இசையமைத்து, ஒருங்கிணைத்தவர் டென்மா. இக்குழுவைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் எழுதியவை பெரும்பாலும் 'கலப்பிசை', 'எதிர்ப்பின் குரல்' என்கிற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எனக்கு இவற்றில் திருப்தியில்லை. இந்த வரலாற்றை வேறொரு கேள்வியிலிருந்து வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பல பேர் சேர்ந்து செய்த ஒரு காரியத்தில் யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் எழுதப்படாமல் வெறும் 'நாட்டுப்புறம்' என்று ஆகிப்போகிறது?

இதைப் பேச எனக்குள்ள தகுதிக்குறைவை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தலித் அல்லன். பிள்ளையார்பாளையத்தில் தறிக்கார வீட்டில் பிறந்தவன். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் மேளத்துக்கு ஆள் அனுப்புவார்கள். 2011இல் அப்பா செத்தபோது நாலு பேர் வந்து விடியவிடிய அடித்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமா கணக்கு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பூக்காரர் பெயர், பந்தல்காரர் பெயர், வண்டிக்காரர் பெயர் எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'சாவு மேளம், 4 ஆளு.' "இன்னா மாமா, இவங்க பேர் எழுதலியா?" என்று கேட்டேன். "மேளக்காரனுக்கு இன்னாடா பேரு" என்றார். மாமா கெட்ட மனுஷர் அல்லர். எங்கள் தெருவில் எவர் எழுதியிருந்தாலும் அந்த வரி அப்படித்தான் இருந்திருக்கும். வாசலில் விடியவிடிய நின்ற அந்த நாலு பேரிடம் நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எம்.ஏ.வில் நாட்டார் வழக்காற்றியல் எங்களுக்கு ஒரு தாள். பாடியவர் பெயர் அறியப்படாமலிருப்பது நாட்டார் பாடலின் இலக்கணங்களில் ஒன்று என்று மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கினோம். பெயர் அறியப்படாமை அந்தப் பாடலின் பண்பா, அல்லது நோட்டு வைத்திருந்தவர்கள் கேட்டு எழுதாததன் விளைவா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கானாவை நாட்டார் பாடல் என்பதே ஒரு விதத்தில் பிழை. துறைமுகத்திலும் மில்லிலும் ரயில்வேயிலும் உழைத்தவர்களின் வடசென்னைக் குடியிருப்புகளில் புழங்கிய பட்டணத்துப் பாட்டு அது. இழவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுகிற மரண கானாவில் செத்தவரின் பெயர் வரும், பெண்டாட்டி பிள்ளைகள் வருவார்கள், அவர் செய்த தொழில் வரும். பெயர் சொல்வதற்காகவே ஏற்பட்ட வடிவம் என்றுகூடச் சொல்லலாம். சினிமா இதை எடுத்துக்கொண்ட விதம் தெரிந்ததுதான். 1990களில் தேவாவின் இசையில் கானா மெட்டு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆனால் இழவு வீடு காணாமல் போயிற்று. குடியும் காதல் தோல்வியும் கேலியும் மிஞ்சின. 'சித்திரம் பேசுதடி'யில் (2006) கானா உலகநாதன் திரையிலேயே தோன்றிப் பாடினார். இரஞ்சித்தின் முதல் படமான 'அட்டகத்தி'யில் (2012) சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடினார். பாடகனுக்குப் பெயர் கிடைக்கத் தொடங்கியது இங்கேதான். 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை.

பறை தனியாக வேறொரு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1990இல் தொடங்கிய திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். சாவு வீட்டிலிருந்து மேடைக்கு, இழிவின் அடையாளத்திலிருந்து விடுதலையின் அடையாளத்துக்கு என்று அக்காலத்துத் தலித் கலைவிழாக்களில் நடந்த இடமாற்றத்தை நம் சிறுபத்திரிகைகள் விவாதித்திருக்கின்றன. கிட்டாரும் டிரம்ஸும் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவை.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து (1845–1914) எடுக்கப்பட்டது. 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று அவர் கட்டிய சொல்லாடலின் ஆங்கில வடிவம்தான் அது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியவர். பிறர் வைத்த பெயரை மறுத்துத் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்வதையே அரசியலாக, ஒரு குடிக்கணக்கெடுப்பிலிருந்து அடுத்த குடிக்கணக்கெடுப்பு வரை, நடத்தியவர். அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் 1999இல் நூலாக வந்தன. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம்! ஒரு பத்திரிகாசிரியரை, தத்துவவாதியை, நூறு வருஷம் கழித்து நாட்டார் இயல்காரர்கள்தான் கண்டெடுக்க வேண்டியிருந்தது. மற்றத் துறைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கே கொஞ்சம் விலகி ஒரு கதையைச் சொல்ல வேண்டும். நெசவாளி வீட்டுப் பிள்ளை என்பதால் இந்தக் கதைமேல் எனக்கு ஒரு ஈர்ப்பு உண்டு. 1948இல் நியூயார்க்கில் பீட் சீகர், லீ ஹேஸ், ரானி கில்பர்ட், பிரெட் ஹெல்லர்மன் என்ற நால்வர் ஒரு நாட்டார் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். குழுவின் பெயர் 'தி வீவர்ஸ்', அதாவது நெசவாளர்கள். 1844இல் சைலீசியாவில் நெசவாளர்கள் நடத்திய கலகத்தைப் பற்றி ஜெர்மானியர் ஹாப்ட்மன் எழுதிய நாடகத்தின் பெயர் அது. பின்னால் பாப் டிலன் காலத்தில் 'ஃபோக்-ராக்' என்று வளர்ந்த மரபுக்கு முன்னோடிகள் இவர்கள். இடதுசாரிகள். மெக்கார்த்தி காலத்தில் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டு வானொலியும் மேடையும் மறுக்கப்பட்டவர்கள். நேர்மையில் குறை சொல்ல முடியாது.

இவர்களுக்குப் பெரும்புகழ் தந்த பாடல்களில் ஒன்று 'குட்நைட் ஐரீன்'. அதைப் பல காலமாகப் பாடிவந்தவர் லெட்பெல்லி என்ற கறுப்பினக் கலைஞர். அவரை லூசியானா சிறையில் 1933இல் ஒலிப்பதிவு செய்த ஜான் லோமாக்ஸின் பெயரும் பாடலின் உரிமையில் சேர்ந்துகொண்டது. 1949 டிசம்பரில் லெட்பெல்லி செத்தார். அடுத்த வருஷம் வீவர்ஸ் பாடி அது அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது. இன்னொன்று 'விமோவே'. ஜோகன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939இல் பதிவு செய்த 'ம்புபே' என்கிற பாடல் அது. உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு ரிக்கார்டு கம்பெனியிடம் விட்டிருந்தார். வீவர்ஸின் தட்டில் ஆசிரியர் என்று 'பால் காம்ப்பெல்' என்ற பெயர் இருந்தது. அப்படி ஓர் ஆளே கிடையாது, புனைபெயர். பழம்பாடல்தானே, ஆசிரியர் எங்கே இருக்கப்போகிறார் என்ற நினைப்பு. சீகர், லிண்டாவுக்குப் பணம் போக வேண்டும் என்று சொன்னவர்தான். இருந்தும் லிண்டா 1962இல் வறுமையில் செத்தார். அவர் மகள்களுக்கு நியாயமான பங்கு என்று ஓர் ஒப்பந்தம் 2006இல்தான் ஏற்பட்டது.

நல்லவர்கள், முற்போக்கானவர்கள், நெசவாளர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் செய்த கூட்டுவேலையிலேயே இப்படி. இதை ஒரு தனிமனிதத் தவறாகப் பார்ப்பதில் பயனில்லை. 'நாட்டார்' என்கிற கருத்தாக்கத்துக்குள்ளேயே பெயரழிப்பு உட்கார்ந்திருக்கிறது. அதனோடு 'ராக்' சேரும்போது ராக்காரனுக்குப் பெயரும் நாட்டானுக்கு ஊரும் மிஞ்சுகின்றன.

எங்கள் ஊர்த் தறிக்கு வருகிறேன். காஞ்சிபுரம் சேலையின் பெருமை கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு பாவு. மூன்று நாடா ஓடும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்பார்கள். குழித்தறியில் ஒருத்தரால் இது ஆகாது, கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பொடியன். ஒன்பது வயதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். "டேய், எங்கடா பராக்குப் பாத்துக்கினு இருக்கற, நாடாவத் தள்ளு!" என்று அப்பா தலையில் தட்டுவார். சேலை முதலாளி பேரில் கடைக்குப் போகும். கடை பேரில் கல்யாணத்துக்குப் போகும். அப்பா பேர் எதிலும் கிடையாது. அப்பாவுக்கே இல்லாதபோது கரை நாடா தள்ளினவனுக்கு எங்கிருந்து? சாவு மேளத்துக்குப் பெயர் எழுதாத அதே தெரு, தன் பெயரும் எங்கேயும் எழுதப்படாத தெரு. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. சாதிப் படிக்கட்டில் நாங்கள் நின்ற படி வேறு. ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று.

கோர்வை என்ற சொல் தாளக்காரர்களிடமும் உண்டு. அதைச் சொன்னால் காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையைச் (1889–1934) சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் அவர் லய ஞானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர்களைத் திரட்டி அவர் பாடிய கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். நீதிமன்றத்திலிருந்து வந்த சொல். பெஞ்சில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் நடுவில் இருப்பவர் பாடகர்தான். கச்சேரி அவர் பேரில்தான். சபை மரபு கூட்டுவேலையைக் கற்பனை செய்த விதம் அது. மற்ற எல்லாரும் 'பக்கம்'.

'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் நான் கவனித்தது இந்த 'நடு' இல்லாமலிருந்ததைத்தான். ஒரு பாட்டை ஒருத்தர் எடுப்பார், அடுத்த அடியை இன்னொருத்தர் வாங்குவார், மூன்றாமவர் ராப் சொல்வார், பிறகு சட்டிக்காரர்கள் முன்னால் வருவார்கள். கிட்டார் இவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தது. வழக்கமாக இம்மாதிரி இணைவுகளில் பறை ஒரு மசாலா மாதிரி நடுவில் ரெண்டு நிமிஷம் வந்துபோகும். இங்கே பறைக்கும் சட்டிக்கும் டிரம்ஸ் வழிவிட்டது. எல்லாப் பாட்டிலும் அல்ல. சில பாட்டுகளில் ராக் எல்லாவற்றையும் மூடிவிட்டது, சொல்லே காதில் விழவில்லை. கானாவுக்குச் சொல் போனால் என்ன மிச்சம்? கூட்டத்தில் பாதி இரஞ்சித்தைப் பார்க்க வந்த கூட்டம் என்பதும் என் கணிப்பு. சினிமா இயக்குநரின் வெளிச்சம் இல்லாமல் இந்த மைதானம் நிறைந்திருக்குமா என்பதை நண்பர்கள் நேர்மையாக யோசிக்க வேண்டும்.

டென்மா இதற்கு முன் கபேர் வாசுகியோடு 'குரங்கன்' குழுவில் இருந்தவர். சென்னையில் சினிமாவுக்கு வெளியே தமிழில் பாடிய சிறு வட்டம் அது. கரகாட்ட மேடைகளிலிருந்து வந்த அந்தோணி தாசன், பிரதீப் குமார், தர்புகா சிவா சேர்ந்த 'லா பொங்கல்' அதே காலத்தது. கேரளத்து 'அவியல்' (2008) இவர்களுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017 ஜனவரியில் வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றி, மெட்ராஸ் பேச்சில், கர்நாடக ராகங்களில். எனக்குப் பிடித்த பாட்டு. காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் 1990 முதல் இயங்கிவரும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் பெ. ராஜகோபாலும் பாடகி சங்கீதா சிவகுமாரும் ஒரே மேடையில் நின்ற 'கர்நாடிக் கட்டைக்கூத்து'ம் இதே காலத்தில் நடந்ததுதான். இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் இவை எல்லாவற்றிலும் கதவைத் திறப்பவர் உள்ளேயிருப்பவர். சபா வெளியே வருகிறது, அதனால் செய்தியாகிறது. 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' யாரும் திறக்கக் காத்திராமல் தன் மைதானத்தைத் தானே போட்டுக்கொண்டது. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இதன் நீட்சி. மார்கழி என்கிற மாதத்தையே கேட்டு வாங்கிக்கொண்டது.

இனி சிக்கலான இடம். குழுவில் ராப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். செங்கல்பட்டிலிருந்து எங்கள் ஊர் வழியாகப் போகிற பாசஞ்சர் கடைசியில் நிற்கிற ஊர். 'தெருக்குரல்' (2019) தொகுப்பின் வழியாகத் தனியாகவும் அறியப்பட்டார். 2021 மார்ச்சில் தீ, அறிவு இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு அதில் வைத்திருந்தார். பாட்டு உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவாழ் ஈழத்தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. எழுதியதும் மெட்டமைத்ததும் தானே என்று அறிவு எழுதினார். எல்லா இடத்திலும் அவருக்குரிய இடத்தைக் கொடுத்தோம், அது மூவரின் கூட்டுப்படைப்பு என்று மற்ற இருவரும் பதில் சொன்னார்கள். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து மூன்று பேருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பேசினார்.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. மூவருமே நெய்தவர்கள், பணம் வேறெங்கோ நின்றுவிட்டது என்றால் அது எங்கள் தெருவுக்குத் தெரிந்த கதை. ஆனால் அட்டையில் யார் விடுபட்டார் என்பது தற்செயல் என்று நம்ப என்னால் முடியவில்லை. பாட்டியின் கதை 'நாட்டார்' ஆகிவிட்டது. நாட்டாருக்கு அட்டை எதற்கு? அறிவு தன் அடுத்த தொகுப்புக்கு வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி' (2024). நான் இதை வம்சாவளிப் பெருமை என்று வாசிக்கவில்லை. கணக்கு நோட்டில் பெயரை அழுத்தி எழுதுவது என்று வாசிக்கிறேன்.

குழுவினர் பிறகு தனித்தனி வழிகளில் போனார்கள். டென்மா சினிமாவுக்கு வந்தார். 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) அவர் இசை. அறிவு தன் சொந்தக் குழுவை அமைத்துக்கொண்டார். கலைந்தது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, தரணி, அறிவு, இசைவாணி என்று பாடியவர்கள் பெயரை இன்றைக்கு என்னால் தட்டாமல் சொல்ல முடிகிறது. இதை எழுத உட்கார்ந்தபோது அந்த ராத்திரியின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். பாடகர் பெயரெல்லாம் குறித்திருக்கிறேன். அதன் கீழே என் கையெழுத்தில்: 'சட்டி, பறை, மொளம் – 4 பேர்?'

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தொன்பது பேரில் இசைவாணி ஒருவர்தான் பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது நாமெல்லாம் கைதட்டினோம். சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018ஐ ஒட்டி அக்குழு பாடிய 'ஐ யாம் சாரி ஐயப்பா' பாட்டை முன்நின்று பாடியவர் அவர். ஆறு வருஷம் சும்மா கிடந்த பாட்டை 2024 நவம்பரில் யாரோ தோண்டி எடுத்தார்கள். கைது செய் என்றார்கள், வழக்குப் போடு என்றார்கள். குழுவாகச் சேர்ந்து உருவாக்கிய பாட்டு, பல ஆண்கள் அதில் வாசித்தும் பாடியும் இருக்கிறார்கள். நீலம் பண்பாட்டு மையம் குழுவின் பாட்டு என்று விளக்கமும் கொடுத்தது. வசையும் மிரட்டலும் மட்டும் இசைவாணி பேருக்கு வந்தன.